இடுக்கிக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை வந்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். பொரிகடலைத் தட்டை நீட்டுகிற பக்கத்து வீட்டுக்காரியிடம் நான் ஏன் சிடுசிடுக்கிறேன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. சாமி மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை, பொரி மேலும் இல்லை. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் ஓர் இடுக்கிக்கு நான் என் மோதிர விரலால் வைத்த ஒரு பொட்டின் மேல்தான் கோபம். இன்னும் ஆறவில்லை. ஆறக்கூடாது என்றும் நினைக்கிறேன்.

அது 1991. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் விரிவுரையாளர். இன்று அந்தச் சாலையில் கம்பெனி பஸ்களுக்கு வழிவிட்டுத்தான் நடக்க முடியும். அன்று மாடுகளுக்கு வழிவிட்டோம். கல்லூரியின் மூன்று பக்கமும் நெல் வயல். பெயர் சொல்லும்படியான தொழிற்சாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில், என் லேப்பில், ஓர் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருந்தது என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கழித்துப் போட்ட பழைய மெஷின் அது. எங்கள் சேர்மன் யாரையோ பிடித்து மரப்பெட்டிகளில் வரவழைத்துவிட்டார். வந்தது சரி. அதைத் தொட்டு ஓட்ட ஆள் வேண்டுமே? நான்தான் ஓட்டினேன். என்னை விட்டால் அங்கே யாருக்கும் அதன் சுவிட்சு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இதில் எனக்குத் தலைக்கனம் நிறையவே இருந்தது.

நானோ என்ற சொல்லை இப்போது சலவைப் பவுடர் விளம்பரத்தில்கூடக் கேட்கிறேன். அன்று என் மாணவர்களுக்கு நான் இப்படித்தான் சொன்னேன்: ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் துண்டாக வெட்டு. அதில் பத்து இருபது துண்டு அகலமுள்ள சங்கதியை இந்த மெஷின் காட்டும். காட்டுவதோடு நிற்காது. உள்ளே வைத்த பொடியின் மேல் எலெக்ட்ரானைப் பாய்ச்சினால் அதிலிருந்து எக்ஸ்ரே கிளம்பும். இரும்புக்கு ஓர் எக்ஸ்ரே, கால்சியத்துக்கு வேறு ஓர் எக்ஸ்ரே. திரையில் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் ஒரு பீக்காக எழும்பும். எந்த இடத்தில் எழும்புகிறது என்று பார்த்தால் பொடிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அவ்வளவுதான் வித்தை.

பாடமும் அதுதான். பதினொரு கண்ணாடிக் குப்பிகளில் பதினொரு பொடி. மேலே நம்பர் மட்டும் ஒட்டியிருக்கும். மாணவன் ஒரு சிட்டிகை எடுத்து, ஸ்டப் என்று நாங்கள் சொல்லும் சின்ன அலுமினியப் பொத்தானில் ஒட்டி, மெஷினுக்குள் வைத்து, இது இன்னது என்று எழுதித் தர வேண்டும். தெரியாத பொருளைக் கண்டுபிடி. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நானும் கரும்பலகையில் அதைப் பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடும் போடுவேன்.

இந்தப் பாடத்தில் ஒரு பொறி உண்டு. கந்தகமும் ஈயமும் திரையில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் எழும்பும். அவசரக்குடுக்கைகள் கந்தகத்தைப் பார்த்துவிட்டு ஈயம் என்று எழுதுவார்கள். ஆனால் ஈயத்துக்கு வலப்பக்கம் தூரத்தில், திரையின் அடியில் உள்ள அளவுகோலில் பத்தரை என்ற எண்ணுக்குப் பக்கத்தில், இன்னொரு பீக் உண்டு. அங்கேயும் எழும்பினால்தான் ஈயம். இதை அந்தப் பருவம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினேன். "பத்தரையைப் பார்க்காம ஈயம்னு எழுதினா பேப்பரைக் கிழிச்சு மூஞ்சில எறிவேன்" என்று சொல்லியே இருந்தேன். மாணவர்கள் என்னை முதுகுக்குப் பின்னால் "பத்தரை" என்றுதான் கூப்பிட்டார்கள். தெரியும். உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வருஷம் இந்தப் பாடத்தை எடுத்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் ஒருத்தி வல்லத்திலிருந்து சைக்கிளில் வருவாள். அப்பா விவசாயம். மழைக்காலத்தில் வரப்பு வழியே வந்து, வராந்தாவில் காலைக் கழுவிவிட்டு லேப்புக்குள் நுழைவாள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் கேள்வி கேட்பாள். மற்றவர்கள் "இது பரீட்சைக்கு வருமா மேடம்" என்று கேட்கும் இடத்தில் அவள் "இது ஏன் மேடம் இங்க எழும்புது" என்று கேட்பாள். பத்து வருஷ வேலையில் அப்படிக் கேட்டவர்கள் எனக்கு மூன்று பேர் கிடைத்திருப்பார்கள்.

அந்த வருஷம்தான் ஒரு வேலையும் வந்தது. வல்லம் போகிற வழியில் பம்பு செட் செய்து பெயிண்ட் அடித்து அனுப்புகிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. அவர்கள் தங்கள் லேப்புக்கு ஓர் ஆள் கேட்டுக் கடிதம் போட்டார்கள். என் பாடமான மெட்டீரியல்ஸ் லேப் பரீட்சையில் முதல் மார்க் எடுப்பவருக்கு வேலை, ஜூனில் சேரலாம். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பெண்களை மெஷின்கள் ஓடுகிற ஷாப் ஃப்ளோர் பக்கமே விடாத காலம் அது. லேப் மட்டும்தான் திறந்த கதவு. அவளை மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கவிட்டு வேலைக்கு அனுப்ப வீட்டில் ஒப்பவே மாட்டார்கள் என்று அவளே என்னிடம் சொன்னாள். "இது கெடச்சா சைக்கிள்லயே போய்ட்டு வந்துடலாம் மேடம். கெடைக்கலன்னா படிச்சதுக்கு அப்பறம் வூட்லதான்." அவளுக்கு அந்த ஒரு வேலைதான் இருந்தது.

பரீட்சைக்கு நாலு நாள் முன்னால் ஆயுத பூஜை. சேர்மன் வீட்டம்மா பட்டுப்புடவையில் வந்து மெஷினுக்குச் சூடம் காட்டினார். எங்கள் அட்டெண்டர் ஐம்பது வயதுக்காரர். வாரம் இரண்டு முறை திரவ நைட்ரஜன் கேனை மெட்ராஸிலிருந்து கல்லூரி வேனில், பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவதுபோல் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவருவார். அதன் குளிர்ச்சி இல்லாவிட்டால் எக்ஸ்ரேயைப் பார்க்கிற மெஷினின் கண் அவிந்துவிடும். அவர் சந்தனம் குழைத்து மெஷினின் வெளி உடம்புக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"இடுக்கிக்கு?" என்றேன்.

"அதுக்கு இன்னாத்துக்கு மேடம்? சாம்பிள் தொட்ற சாமான். குங்குமம் ஒட்டிக்கினா போவாது."

எனக்குச் சுள்ளென்று வந்தது. அட்டெண்டர் எனக்குப் பாடம் எடுப்பதா? "என் ஆயுதமே அதுதான். அதுக்கு இல்லாம சுவத்துக்கா பொட்டு?" என்று அவர் கையிலிருந்த தட்டை வாங்கினேன். நான்தான் முந்தின நாள் கடைத்தெருவில் உதிரிக் குங்குமம் வாங்கி வந்திருந்தேன். பளீரென்று, கண்ணைப் பறிக்கிற சிவப்பு. ஸ்டப்பைப் பிடிக்கிற அந்த நீள இடுக்கியை எடுத்து, முனைக்குப் பக்கத்திலேயே, சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமமும் வைத்தேன். மறுநாள் துணியால் துடைத்தோம். துடைத்தால் போய்விடும் என்று நினைத்தேன். நானோ மீட்டர் பற்றித் தொண்டை கிழியக் கத்துகிற மனுஷி, பழைய லுங்கித் துணியால் துடைத்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று நம்பினேன். இந்த மடத்தனத்தை எங்கே போய்ச் சொல்ல?

பரீட்சை அன்று ஒவ்வொருவருக்கும் இருபது நிமிஷம். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாது. கேனில் நைட்ரஜன் அடிமட்டத்தில். நான் கடிகாரத்தையும் கேனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஏழாம் நம்பர் குப்பி. அதில் இருந்தது ஜிப்சம், சாக்பீஸ் செய்கிற சாதாரணப் பொடி. கால்சியமும் கந்தகமும் எழும்ப வேண்டும், அவ்வளவே.

இருபது நிமிஷம் முடிகிற நேரத்தில் அவள் எழுந்து வந்தாள். "மேடம், சாம்பிள் போடாம வெறும் ஸ்டப்ப ஒரு தடவ வச்சுப் பாத்துக்கட்டுமா?"

"என்னத்துக்கு?"

"ஒரு சந்தேகம் மேடம். அஞ்சு நிமிஷம்தான்."

"அஞ்சு நிமிஷமா? உனக்குப் பின்னாடி நாலு பேர் நிக்கறாங்க. நைட்ரஜன் உங்க அப்பா வயல்லயா விளையுது? பிரிண்ட் எடுத்துக்கிட்டு நகரு."

நகர்ந்தாள்.

சாயங்காலம் பேப்பர் திருத்தினேன். ஏழாம் நம்பரில் அவள் எழுதியிருந்தாள்: கால்சியம், கந்தகம், ஈயம். ஈயம் என்று பார்த்ததும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. ஜிப்சத்தில் ஏது ஈயம்? பருவம் முழுக்கக் கத்தின கத்தல் என்ன ஆயிற்று? இவளா இப்படி, நம்பினேனே என்று ஒரு தனிக் கோபம் வேறு. பேப்பருக்கு இரண்டாம் பக்கம் இருந்தது. நான் திருப்பவில்லை. சிவப்பு மசியில் குறுக்கே கோடு போட்டு "பத்தரையைப் பார்" என்று எழுதி, பாதி மார்க்கைக் குறைத்தேன். மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்தப் பேப்பரைத் தூக்கிக் காட்டினேன். "இதுக்குத்தான் மாடு மேய்க்கப் போகலாம்னு சொல்றது" என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். விவசாயி மகளைப் பார்த்து அதைத்தான் சொன்னேன். பையன்கள் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள்.

மற்ற பத்து பேரும் சரியாக எழுதியிருந்தார்கள்; யார் பிரிண்ட்டையும் நான் பார்க்கவில்லை, எழுதின பெயரை மட்டும்தான் பார்த்தேன். ஹாஸ்டல் பையன் ஒருவன் முதல் மார்க். வேலை அவனுக்குப் போயிற்று.

பொங்கல் கழிந்த பிறகு வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் செங்கல் சூளைக்கு வெட்டின களிமண்ணைக் கொண்டுவந்து என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். பார்த்தேன். ஈயம். பத்தரையில் சின்னதாக, சுத்தமாக, ஒரு பீக். வயல் மண்ணில் ஈயம் எங்கிருந்து வரும்? வேறு சிட்டிகை எடுத்துப் பார்த்தேன். ஈயம். அந்த மனுஷர் ஏதோ கலந்துவிட்டார் என்று அவரைத் திட்டினேன். இரண்டு நாள் குடைந்தேன். மூன்றாம் நாள் அட்டெண்டர் இடுக்கியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"மேடம், இதுல இன்னும் குங்குமம் ஒட்டிக்கினு கீது."

இரண்டு தகடும் சேரும் இடுக்கில் சிவப்பாக, ஊசி முனை அளவு. சுரண்டி எடுத்து மெஷினுக்குள் வைத்தேன். திரையில் ஈயம் தென்னைமர உயரத்துக்கு எழும்பியது. குங்குமத்துக்கு அந்தப் பளீர் சிவப்பு மஞ்சளாலும் சுண்ணாம்பாலும் வரவில்லை. எந்தப் புண்ணியவானோ ஈயச் செந்தூரத்தைக் கலந்து விற்றிருக்கிறான். அதை நான் வாங்கி, நான் சுமந்து, என் விரலால் வைத்தேன்.

ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்து பரீட்சைப் பேப்பர்களை எடுத்தேன். அவள் பேப்பரின் இரண்டாம் பக்கத்தை அன்றுதான் திருப்பினேன். பென்சிலால் சின்ன எழுத்தில் இருந்தது: "பத்தரையிலும் பீக் இருக்கிறது. ஆகவே ஈயம். ஆனால் பொடியில் இல்லாமல் ஸ்டப்பிலோ இடுக்கியிலோ இருக்கலாம். வெறும் ஸ்டப்பைப் பார்க்க அனுமதி கேட்டேன். நேரம் இல்லை."

மற்ற பத்து பிரிண்ட்டுகளையும் மேஜையில் பரப்பினேன். அடப்பாவிகளா! பத்திலும் இருந்தது. துருவிலும் இருந்தது, உப்பிலும் இருந்தது, கண்ணாடித் தூளிலும் இருந்தது. பத்தரையில் அதே குட்டிப் பீக். பத்து பேரும் மற்ற பீக்குக்கெல்லாம் அழகாகப் பெயர் எழுதிவிட்டு அதை மட்டும் மொட்டையாக விட்டிருந்தார்கள். முதல் மார்க் வாங்கினவன் அந்த இடம் மறையும்படி தாளை மடித்துப் பின் குத்தியிருந்தான். அவர்களுக்கு மெஷின் எதற்கு? குப்பிகளை நான் நாலு வருஷமாக மாற்றவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன. எந்த நம்பரில் எந்தப் பொடி என்று சீனியர்கள் வழியாக ஹாஸ்டல் முழுக்கத் தெரியும். தெரியாத பொருளாம்! கரும்பலகையில் இரண்டு கோடாம்! பதினொரு பேரும் பார்த்தார்கள். பார்த்ததை எழுதினவள் ஒருத்தி. அவளைத்தான் நான் மாடு மேய்க்கப் போகச் சொன்னேன்.

பேப்பர்களை அள்ளிக்கொண்டு பிரின்சிபாலிடம் ஓடினேன். மார்க்கைத் திருத்த வேண்டும், தொழிற்சாலைக்கு எழுத வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உக்காருங்கம்மா. இப்ப என்னன்னு எழுதறது? குங்குமத்தால மெஷின் தப்பு காட்டுச்சுன்னா?"

"மெஷின் தப்பே காட்டல சார். சரியாத்தான் காட்டுச்சு. நாமதான் தப்பு."

"சேர்மன் வீட்டம்மா வந்து பண்ணின பூஜை. அதுல தோஷம்னு நான் போய் நிக்கணுமா? பத்து பேர் பார்த்தும் எழுதலைன்னு வெளிய தெரிஞ்சா காலேஜ் பேர் என்னாகும்? ஒரு பொண்ணுக்காக பத்து பசங்களைக் குறைக்கச் சொல்றீங்க."

"குறைக்க வேணாம். அவளுக்கு ஏத்துங்க."

"அப்ப வேலை கிடைச்ச பையன்? விடுங்கம்மா. ரிசல்ட் போர்டுல ஒட்டினது ஒட்டினதுதான். பொட்டப்புள்ள, நாளைக்குக் கல்யாணம் ஆயிடும்."

அவர் மேஜையிலிருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து எறியாமல் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. வராந்தாவில் நின்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஆபீஸ் கிளார்க்குகள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் இரண்டு சேர்த்துச் சொன்னேன். ஆனால் நடந்து வரும்போது ஒன்று உறைத்தது. அவள் பேப்பரின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பாமல் விட்டது பிரின்சிபால் இல்லை.

அவளை லேப்புக்கு வரச் சொன்னேன். இடுக்கியைக் காட்டினேன். திரையைக் காட்டினேன். "தப்பு என்னோடதும்மா" என்றேன். அந்த வார்த்தையை ஒரு மாணவியிடம் அதற்கு முன்னால் நான் சொன்னதில்லை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பவே கேட்டனே மேடம், வெறும் ஸ்டப்ப வச்சுப் பாக்கட்டுமான்னு."

"கேட்டே."

"லிஸ்ட் எனக்கும் தெரியும் மேடம். ஏழு ஜிப்சம். சைக்கிள் ஸ்டாண்ட்லயே சொன்னாங்க. ஆனா ஸ்கிரீன்ல ஈயம் இருந்துச்சே. இருக்கறத எப்படி எழுதாம வுடறது?"

இடுக்கியைப் பெட்டிக்குள் வைத்தேன்.

"மார்க் மாறுமா மேடம்?"

"மாறாது. கேட்டுப் பார்த்தேன். முடியாதுன்னுட்டாங்க."

"அப்ப இன்னாத்துக்கு மேடம் என்கிட்ட சொல்றீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வழி கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு வகுப்பில் அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மார்ச் மாதம் அந்த முதல் மார்க் பையனுக்கு பம்பாயில் வேலை கிடைத்துவிட்டது. இங்கே வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டான். செய்தி தெரிந்த அன்றே தொழிற்சாலைக்குப் போய் அவர்கள் லேப் அதிகாரியைப் பார்த்தேன். மார்க்கைப் பார்க்காதீர்கள், உங்கள் கையாலேயே ஒரு சாம்பிள் கொண்டுவாருங்கள், அவளைச் சோதித்துப் பாருங்கள் என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் கெஞ்சுகிற ஆளில்லை. அவர் சரி என்றார். எனக்கு ஆகாயத்தில் பறப்பதுபோல் இருந்தது. அந்த இடுக்கியைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். அதை மூன்று முறை அசிட்டோனில் கழுவினேன். வெறும் ஸ்டப்பை வைத்துப் பார்த்தேன். அலுமினியம் தவிர ஒன்றும் இல்லை. வா மகளே, இனி நீ பார்த்ததை எழுது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதிகாரி ஒரு சின்ன டப்பியோடு வந்தார். பம்புகளுக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்டில் கறுப்புப் புள்ளி விழுகிறதாம். அந்தப் புள்ளிகளைச் சுரண்டிக் கொண்டுவந்திருந்தார். அவள் உட்கார்ந்தாள். அவர் அவளுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்.

"காம்பவுண்டை ஒட்டி உங்க ஊர்க்காரங்க களம் இருக்கு இல்லையா? நெல்லு தூத்தினா தூசியெல்லாம் உள்ள வருது. அதான்னு நாங்க சொல்லிக்கிட்டு இருக்கோம். பஞ்சாயத்துல எழுதிக் குடுக்கப் போறோம், களத்தை வேற எடத்துக்கு மாத்தச் சொல்லி. ஒரு லேப் ரிப்போர்ட் கூட வச்சா நல்லாருக்கும்."

அவள் ஸ்டப்பை இடுக்கியால் எடுத்து, மெஷினுக்குள் வைத்து, கதவை மூடி, காற்றெல்லாம் வெளியேறக் காத்திருந்தாள். நான் சொல்லிக்கொடுத்ததைவிடச் சுத்தமாகச் செய்தாள். எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது.

பீக்குகள் எழும்பின. இரும்பு, உயரமாக. அதற்குப் பக்கத்திலேயே குரோமியம், அதுவும் உயரமாக. வெள்ளைப் பெயிண்டின் டைட்டானியம் கொஞ்சம். எல்லாவற்றுக்கும் இடப்பக்கம், காலடியில், மண்ணிலும் மணலிலும் இருக்கிற சிலிக்கான் ஒரு பொட்டு அளவுக்கு. பாலர் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். எந்த வயலில் குரோமியம் விளைகிறது? பம்புகளைத் தொங்கவிட்டு இழுத்துப் போகிற, குரோமியம் கலந்த எஃகுச் சங்கிலியோ கொக்கியோ தேய்ந்து உதிர்கிறது. தூசி அவர்கள் கூரைக்குள்ளேயேதான் பிறக்கிறது.

அவள் திரையைப் பார்த்தாள். திரையின் அளவுக்கோட்டை இரும்பின் மேல் நகர்த்தினாள். குரோமியத்தின் மேல் நகர்த்தினாள். சரிபார்க்க வேண்டிய இரண்டாவது பீக்கையும் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு திரும்பி, அதிகாரியைப் பார்க்காமல், என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தாளை எடுத்து எழுதினாள்.

சிலிக்கான். மண் தூசி.

இரும்பும் குரோமியமும் மறைய, பிரிண்ட்டை அந்தச் சிலிக்கான் பீக்கோடு நிற்கும்படி மடித்துப் பின் குத்தினாள்.

"அப்படிப் போடு!" என்றார் அதிகாரி. "நாங்க சொன்னது சரியாப் போச்சு. உங்க ஸ்டூடண்ட் ரொம்ப பிராக்டிகல் மேடம். இந்த மாதிரி ஆளுதான் எங்களுக்கு வேணும். ஜூன் முதல் தேதி வந்துடும்மா."

நான் வாயைத் திறந்தேன். ஊரையே கூட்டுகிற வாய். அட்டெண்டரைத் திட்டின வாய், களிமண்காரரைத் திட்டின வாய், அவளைப் பத்து பேர் நடுவில் நிறுத்தி மாடு மேய்க்கச் சொன்ன வாய். ஒரு வார்த்தை சொன்னால் போதும். குரோமியம் என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் அவள் வேலை போய்விடும். இரண்டாம் தடவையும் என்னாலேயே போய்விடும். சொல்லாவிட்டால் அவள் ஊர்க் களம் போய்விடும். அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறாள்.

மூடிக்கொண்டேன். என் ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அதிகாரி ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அவள் ஸ்டப்பை வெளியே எடுத்தாள். இடுக்கியை அசிட்டோனில் முக்கித் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பெட்டியில் வைத்து மூடினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகில் நின்றாள். அவள் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுமில்லை. மார்க் கேட்கிற மாணவியின் முகம்தான் இருந்தது.

"இந்தத் தடவ சரியா எழுதிட்டேன் இல்ல மேடம்?"

"சரிதான்" என்றேன்.